பதினோராம் புள்ளியின் உப்பு

அமுதவல்லிக்கு அந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தவர் டாக்டர் கோபிநாத். அந்த வேலை அவளுக்குப் பிடிக்காமல் போனதற்கும் அவரேதான் காரணம்.

புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் பதினோரு வருடமாக விலங்கியல் கௌரவ விரிவுரையாளராக இருந்தாள் அமுதவல்லி. கௌரவம் பதவியின் பெயரில் மட்டும்தான் இருந்தது. மே மாதம் வந்துவிட்டால் கல்லூரிக்கு அவளை யாரென்றே தெரியாது. ஜூனில் போய் மறுபடி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். அப்படியான ஓர் ஏப்ரல் கடைசியில், அவளோடு எம்.எஸ்ஸி. படித்து, பிறகு சென்னைக்குப் போய் முனைவர் பட்டம் வாங்கி டாக்டராகி, ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் கண்ணாடிக் கட்டடத்துக்குள் குடியேறிவிட்ட கோபிநாத் போனில் கூப்பிட்டார்.

"மேடம், பெரிய ப்ராஜெக்ட். இன்டர்நேஷனல். நமக்கும் இலங்கைக்கும் நடுவுல இருக்கிற கடலோட உடல்நிலையப் பாக்குறோம். மனுசனுக்கு மாஸ்டர் செக்கப் பண்ற மாதிரி. புதுக்கோட்டை கரை மட்டும் நீங்க பாத்துக்கிட்டாப் போதும்."

இரண்டு நாடுகளும் சேர்ந்து ஒரே அறிக்கை எழுத வேண்டும். அதற்கென்று எங்கோ ஒரு தலைநகரத்தில் செயலகம் ஒன்று இருந்தது. புதுக்கோட்டைக் கரைக்கு எதிரே இருக்கும் கடலில் பன்னிரண்டு இடங்களைச் செயலகமே வரைபடத்தில் புள்ளி வைத்துக் கொடுத்திருந்தது. ஒன்று முதல் எட்டு வரை கரைக்குப் பக்கம். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நடுக்கடல், எல்லைக்கோட்டை ஒட்டி. அந்த நான்கும் பொதுப் புள்ளிகள். நம் ஆட்கள் ஒரு தடவையும் இலங்கை ஆட்கள் ஒரு தடவையும் தனித்தனியாகப் போய் அளந்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தண்ணீரில் உப்பு எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு, அடியில் கடல்புல் இருக்கிறதா, இவ்வளவுதான் கேள்வி. காகிதத்தில் பார்க்கும்போது அமுதவல்லிக்கும் அது நல்ல வேலையாகத்தான் பட்டது.

மணமேல்குடிக்குத் தெற்கே அந்தோணியார்புரம் என்ற சின்னக் குப்பத்தில் ஞானமணியின் ஃபைபர் படகை வாடகைக்குப் பேசினார்கள். ஞானமணிக்கு ஐம்பது வயதிருக்கும். நண்டு வலை போடுகிறவர். அவர் மனைவி மரிய செல்வி கரையில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு கழற்றுவாள். முதல் நாள் அமுதவல்லி சுடிதாரோடு படகில் ஏறி உட்கார்ந்ததும் மரிய செல்வி கேட்டாள்.

"டீச்சர், கடலுக்கு என்ன நோவுன்னு பாக்க வந்திருக்கீங்களாமே?"

"ஆமாக்கா."

"மொதல்ல வாய்க்கா மொகத்துக்குப் போங்க. அங்கிட்டுத்தான் நோவு. மத்த எடமெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்."

வாய்க்கால் முகம் என்று அவள் சொன்ன இடம் வரைபடத்தில் மூன்றாம் புள்ளி. இறால் பண்ணைகளின் கழிவுநீர் வாய்க்கால் வழியாக வந்து கடலில் விழும் இடம். மூன்றாவது நாள் அங்கே போனார்கள். படகு நிற்பதற்கு முன்னாலேயே அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. அமுதவல்லி மீட்டரின் கம்பியைத் தண்ணீருக்குள் விட்டாள். மற்ற இடங்களில் ஆறு, ஐந்தே முக்கால் என்று காட்டிய ஆக்சிஜன் இங்கே இரண்டு புள்ளி ஒன்றில் நின்றது. மீட்டர் கெட்டுவிட்டதோ என்று கழுவித் துடைத்து மறுபடி விட்டாள். அதே எண்தான். ஞானமணி இரும்புச் சட்டத்தை எடுத்துக்கொண்டு முங்கினார். சட்டத்துக்குள் எத்தனை கடல்புல் இருக்கிறது என்று எண்ணிச் சொல்ல வேண்டும். மேலே வந்தபோது கையில் ஒரு பிடி கறுப்புச் சேறு இருந்தது.

"எண்ணுறதுக்கு ஒன்னுமில்ல டீச்சர்," என்றார். "நாலு வருசம் முந்தி இங்கிட்டு முங்கினா புல்லு காதத் தடவும்."

அன்று சாயங்காலமே அந்த எண்ணைக் கோபிநாத்துக்கு அனுப்பினாள். பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"மேடம், மூணாவது பாயிண்ட் அவுட்லையர். மொத்தக் கூட்டத்துல ஒன்னு மட்டும் தனியா நிக்குது பாருங்க."

"தனியாத்தான் சார் நிக்கும். வாய்க்கா அங்கதான விழுது."

"அதான் சொல்றேன். அது கடலோட குணமில்ல, வாய்க்காலோட குணம். பாயிண்ட்ட ரெண்டு கிலோமீட்டர் வடக்க தள்ளிக்குவோம். ரெப்ரசென்ட்டேட்டிவா இருக்கும்."

"நாம தள்ளிக்கலாம் சார். அந்தத் தண்ணி அங்கயேதான் இருக்கும்."

கோபிநாத் சிரித்தார். எதற்கும் கோபப்படாத மனிதர் அவர். இத்தனை வருடத்தில் அவர் இவ்வளவு தூரம் மேலே போனது அந்தச் சிரிப்பை வைத்துத்தான் என்பது அமுதவல்லியின் எண்ணம். மறுநாள் செயலகத்திலிருந்து புது வரைபடம் வந்தது. மூன்றாம் புள்ளி வடக்கே நகர்ந்திருந்தது. அங்கே போய் அளந்தபோது ஐந்து புள்ளி ஒன்பது வந்தது. கடலுக்கு ஒரே நாளில் உடம்பு தேறிவிட்டது.

எட்டுப் புள்ளிகள் முடிந்தன. நடுக்கடல் நான்குக்கும் ஃபைபர் படகு போகாது. விசைப்படகு வேண்டும். மே மாதம் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. எல்லைக்கோடு வரைக்கும் போக அனுமதிக் கடிதமும் வேண்டும். கடிதம் என்ன ஆயிற்று என்று அமுதவல்லி நான்கு முறை கேட்டாள். ஐந்தாவது முறை கேட்டபோதுதான், அப்படியொரு கடிதத்தைக் கோபிநாத் அலுவலகத்தில் யாரும் எழுதவே இல்லை என்பது தெரிந்தது.

"இப்ப என்ன சார் செய்ய?"

"எட்டுக்கும் ஆவரேஜ் போட்டு அந்த நாலுலயும் போட்டு வைங்க. ப்ரொவிஷனல்னு. இலங்கைக்காரங்க எப்படியும் போய் அளப்பாங்க. அவங்க நம்பர் வந்ததும் மாத்திக்கலாம். கடல் ஒன்னுதான."

அவளுக்கு அது சரியாகப் படவில்லை. ஆனாலும் செய்தாள். புதுக்கோட்டையில் தன் வீட்டுச் சமையல்மேடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் குழம்பு கொதிக்க, நான்கு புள்ளிகளுக்கும் சராசரியைத் தட்டினாள். உப்பு 33.6. ஒரு லிட்டர் தண்ணீரில் முப்பத்து மூன்றரை கிராமுக்குச் சற்று மேல். அந்தக் கட்டங்களுக்கு மஞ்சள் நிறம் பூசி, ஓரத்தில் 'தற்காலிகம்' என்று எழுதினாள். மஞ்சள் பூசிவிட்டால் பொய் இல்லை என்று அன்று அவளும் நினைத்துக்கொண்டாள். பிற்பாடு கோபிநாத்தைத் திட்டிய ஒவ்வொரு தடவையும் இந்த நினைப்பு அவள் வாயைக் கொஞ்சம் அடைத்தது.

செப்டம்பரில் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தார்கள். கடலைப் பற்றிப் பேச அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் கடலிலிருந்து எழுபது கிலோமீட்டர் உள்ளே, புதுக்கோட்டை டவுனில் ஒரு ஓட்டல். குளிர்சாதன ஹாலும், சென்னையிலிருந்து வருகிறவர்கள் தங்க நல்ல அறைகளும் அங்கேதான் இருந்தன. மேடையில் கடல் படம் போட்ட பேனர். மதியச் சாப்பாட்டு அட்டையில் வஞ்சிரம் வறுவல். செயலகத்திலிருந்து ஓர் ஆலோசகர், இலங்கையிலிருந்து மூன்று பேர், தலைமை தாங்க ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர். மீனவர் தரப்பாக மரிய செல்வியை அழைத்திருந்தார்கள். நிகழ்ச்சி நிரலில் அவளுக்கு இரண்டு நிமிடம் போட்டிருந்தது.

அவள் காலை ஐந்தரை பஸ்ஸைப் பிடித்து அறந்தாங்கி வழியாக வந்து சேர்ந்தாள். கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். அதற்குள் வாய்க்கால் முகத்துச் சேறும் இரண்டு செத்த நண்டும்.

"சொன்னா நம்பமாட்டாக டீச்சர். மேசையில வச்சுத் தொறந்து காட்டிப்புடுறேன்," என்று அமுதவல்லியின் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டிலை நாற்காலிக்கு அடியில் வைத்தாள். மூடி சரியாக இறுகவில்லை. சற்று நேரத்தில் முன்வரிசையில் இருந்த ஒருவர் மூக்கைச் சுளித்தார். ஓட்டல் பணியாளர் ஒருவர் குனிந்து தேடி, பாட்டிலை இரண்டு விரலால் எடுத்துக்கொண்டு போனார். மரிய செல்வி எழுந்து பின்னாலேயே போய்க் கேட்டாள். குப்பை என்று நினைத்துக் கொட்டிவிட்டதாகச் சொன்னார்கள். காலிப் பாட்டிலைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த அளவில் அவர்கள் மரியாதை தெரிந்தவர்கள்.

பதினொன்றரை மணிக்கு ஆலோசகர் எழுந்தார். திரையில் கடல் வரைபடம் விரிந்தது. பெரும்பாலும் பச்சை. மூன்றாம் புள்ளி தன் புது இடத்தில் பச்சையாக இருந்தது. நடுக்கடலில் மட்டும் ஒரே ஒரு சிவப்பு வட்டம்.

"இந்த ஆய்வின் முக்கியமான கண்டுபிடிப்பு இதுதான்," என்றார் ஆலோசகர் ஆங்கிலத்தில். "பதினோராம் புள்ளியில் உப்பு 36.3. சுற்றிலும் 33.6 இருக்கும்போது இங்கே மட்டும் இவ்வளவு உயர்வு. இதை நாங்கள் உவர்த்திட்டு என்று அழைக்கிறோம். தெற்கிலிருந்து வரும் ஓர் ஆழ்நீரோட்டம் இங்கே மேலெழுகிறது என்பது எங்கள் கருத்து. சிறப்பு என்னவென்றால், இரண்டு நாட்டு அளவீடுகளும் இதில் தசமப்புள்ளி வரை ஒத்துப்போகின்றன."

கை தட்டினார்கள். கோபிநாத் மைக்கை வாங்கி, "எங்க டீமும் ஃபீல்டுலயே இத நோட்டீஸ் பண்ணினோம்," என்றார்.

அமுதவல்லிக்குக் கை தட்டத் தோன்றவில்லை. 36.3. 33.6. இரண்டையும் மாறிமாறிப் பார்த்தாள். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மே மாதத்துக் கோப்பைத் திறந்தாள். ஒன்பதாம் புள்ளி 33.6. பத்தாம் புள்ளி 33.6. பன்னிரண்டு 33.6. நடுவில் பதினொன்றில், மஞ்சள் கட்டத்துக்குள், அவள் விரல் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றித் தட்டியிருந்தது. குழம்பு பொங்கி வழிய, அடுப்பை அணைக்கத் திரும்பிய அந்த நொடியாக இருக்கலாம். மஞ்சள் நிறத்தை வழியில் யாரோ எங்கோ துடைத்துவிட்டார்கள். எண் மட்டும் கடல் கடந்து போய்த் திரும்பி வந்திருந்தது.

அவள் எழுந்து நின்றாள். மைக் கொடுக்க யாரும் வரவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல் அவளுக்கு இருந்தது.

"சார், அந்த 36.3 நான் தட்டினது. டைப்பிங் மிஸ்டேக். 33.6-ன்னு இருக்கணும். அதுவும் அளந்த நம்பர் இல்ல. அந்த நாலு பாயிண்ட்டுக்கும் நாங்க போகவே இல்ல. ஆவரேஜ் போட்டு வச்சோம்."

கோபிநாத் சிரித்த முகத்தோடு தரையைப் பார்த்தார். ஆலோசகர் முகத்தில் மட்டும் சலனம் எதுவும் இல்லை.

"நன்றி மேடம்," என்றார். "அதற்காகத்தான் இரண்டு நாடுகளும் தனித்தனியாக அளக்கின்றன. இந்தியத் தரவில் பிழை இருந்தாலும், இலங்கை அளவீடு தனியாக அதே எண்ணைக் காட்டியிருக்கிறது. ஆக உவர்த்திட்டு உறுதியாகிறது."

தலைவர் கடிகாரத்தைப் பார்த்து, நேரம் ஆகிவிட்டது, தேநீர் இடைவேளை என்று அறிவித்தார்.

தேநீர் மேசையருகே இலங்கைக் குழுவில் வந்த ஒரு பெண் அமுதவல்லியைத் தேடி வந்தாள். யாழ்ப்பாணத்தில் வேலை பார்க்கும் சுகிர்தா. முப்பது வயது இருக்கும். கையில் இருந்த பிஸ்கட்டைக் கடிக்காமலே வைத்திருந்தாள்.

"அக்கா, நீங்கள் சொன்னது உண்மையோ? நீங்கள் அங்க போகவே இல்லையோ?"

"போகலம்மா. நீங்க எப்பப் போனீங்க?"

சுகிர்தா அக்கம்பக்கம் பார்த்தாள். "நாங்களும் போகேல்லை. நேவியிட்ட பெர்மிஷன் கிடைக்கேல்லை. செயலகத்தில இருந்து உங்கட நம்பரை அனுப்பினவை. இந்தியா அளந்திட்டுது, அதையே போடுங்கோ எண்டு எங்கட சேர் சொன்னவர். நீங்கள் அளந்தனீங்கள் எண்டுதான் நாங்கள் நினைச்சனாங்கள்."

"நீங்க அளப்பீங்கன்னு எங்க சார் சொன்னாரு."

இரண்டு நாட்டுப் பணமும் பெட்ரோலும் கையெழுத்துகளும் செலவாகி, அந்த நடுக்கடலில் ஒருவர்கூட ஒரு டம்ளர் தண்ணீர் மொள்ளவில்லை. சுகிர்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அமுதவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை.

"உள்ள வந்து இதச் சொல்லுவீங்களா?"

சுகிர்தாவின் சிரிப்பு நின்றது. "எனக்கு ஒப்பந்த வேலை அக்கா. டிசம்பரில புதுப்பிக்க வேணும்."

அமுதவல்லி அதற்கு மேல் கேட்கவில்லை. ஒப்பந்தம் என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இடைவேளைக்குப் பிறகு உவர்த்திட்டைப் பற்றிய விவாதம் ஒரு மணி நேரம் ஓடியது. அது மீன்வளத்தைப் பாதிக்குமா, பருவமழையோடு தொடர்பு உண்டா, செயற்கைக்கோளில் தெரியுமா என்று ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். இல்லாத ஒன்றைப் பற்றி அவ்வளவு தெரிந்தவர்களை அமுதவல்லி அதற்கு முன் ஒரே அறையில் பார்த்ததில்லை. மரிய செல்வியின் இரண்டு நிமிடம் அதில் கரைந்துபோனது. தலைவர் முடிவுரையில், மீனவச் சகோதரியின் வருகை கூட்டத்துக்குப் பெருமை சேர்த்தது என்றார். மரிய செல்வி காலி பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகும்போது மரிய செல்வி சொன்னாள். "வஞ்சிரம் நல்லாருந்துச்சு டீச்சர். ஐஸ்ல வச்சு நாலு நாளாவது ஆயிருக்கும். ஆனாலும் நல்லாத்தான் வறுத்திருந்தாக."

அன்று முழுக்கக் கேட்டதில் அதுதான் ஒரே அறிவியல் கருத்தாக அமுதவல்லிக்குத் தோன்றியது.

அவள் சும்மா இருந்திருக்கலாம். ஜூனிலேயே கல்லூரி அவளை மறுபடி சேர்த்துக்கொண்டது. வேலைக்கான பணமும் வந்துவிட்டது. ஆனால் அந்த 36.3 அவளுடைய எண். அது அவள் பெயரைச் சொல்லிக்கொண்டு ஊர் சுற்றுவதை அவளால் தாங்க முடியவில்லை. ஞானமணிக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, ஜெகதாப்பட்டினத்துல ஒங்க மச்சான் விசைப்படகு ஓட்டுறாருல்ல. அவரு எல்லைப் பக்கம் போவாரா?"

"அங்கிட்டுத்தான டீச்சர் பொழப்பே. என்ன வேணும்?"

"தண்ணி. மூணு பாட்டில்."

மச்சானோடு ஞானமணியே போனார். எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம், பதினோராம் புள்ளி இருந்த இடத்தில், ஜிபிஎஸ் கருவியைப் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்து, மூன்று பாட்டில்களிலும் மொண்டு, மூடியை மெழுகால் அடைத்துக் கொண்டுவந்தார். மறுநாள் கல்லூரி ஆய்வகத்தில், இரண்டாம் ஆண்டு மாணவிகள் தவளையின் படம் வரைந்துகொண்டிருந்த நேரத்தில், அமுதவல்லி அதை அளந்தாள். 33.4. 33.4. 33.5.

இவ்வளவுதான். இரண்டு நாடுகளும் ஆறு மாதத்தில் செய்ய முடியாததை ஒரு மெழுகுவர்த்தியும் மூன்று பாட்டிலும் செய்துவிட்டன. போட்டோவை இணைத்து, நடந்ததை முதலிலிருந்து எழுதி, தன் தவற்றையும் மறைக்காமல் எழுதி, செயலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். மூன்றாம் புள்ளி இருந்த பழைய இடத்தின் 2.1-ஐயும் மறக்காமல் சேர்த்தாள்.

பதினெட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அன்பான பதில். அவளுடைய ஆர்வத்துக்கு நன்றி என்று தொடங்கியது. மே மாதத்தில் 36.3 ஆக இருந்தது செப்டம்பரில் 33.4 ஆகக் குறைந்திருப்பது மிகவும் பயனுள்ள தகவல் என்றும், உவர்த்திட்டு பருவத்துக்கு ஏற்ப மாறும் தன்மை கொண்டது என்பதை இது காட்டுகிறது என்றும், அறிக்கையில் இந்த அம்சம் சேர்க்கப்படும் என்றும் எழுதியிருந்தார்கள். மூன்றாம் புள்ளியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருந்த தமிழ்த்துறை பாத்திமாவிடம் கொடுத்தாள். பாத்திமா படித்துவிட்டு, "நீ செத்துப்போனாலும் தூங்குறான்னு எழுதுவாங்க போலருக்கே," என்று திருப்பிக் கொடுத்தாள்.

டிசம்பரில் கோபிநாத் கூப்பிட்டார். குரலில் பழைய சிரிப்பு அப்படியே இருந்தது.

"மேடம், குட் நியூஸ். உவர்த்திட்டுக்குத் தனியா ப்ராஜெக்ட் சாங்ஷன் ஆயிருக்கு. மூணு வருசம். அதக் கண்டுபிடிச்சதுல ஒங்க பங்கு பெருசு. நீங்களே ஃபீல்டு ஹெட்டா வாங்க. மே மாசக் கவலையெல்லாம் வேணாம்."

"சார், அங்க ஒன்னுமில்லன்னு ஒங்களுக்கே தெரியும்."

"தெரியும்னு எப்படிச் சொல்றது மேடம்? போய்ப் பாத்தாத்தான தெரியும்? அதுக்குத்தான ப்ராஜெக்ட்."

அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியாததுதான் அதில் மிக மோசமான விஷயமாக இருந்தது. மூன்று வருடம், பன்னிரண்டு மாதமும் சம்பளம். ஆசை இல்லை என்று சொன்னால் அவள் இன்னொரு பொய் எண்ணை எழுதியவள் ஆவாள்.

"போய்ப் பாக்குறதுன்னா வாய்க்கா மொகத்தப் பாப்போம் சார். அதுக்கு ஒரு ப்ராஜெக்ட் போடுங்க, நாளைக்கே வாரேன்."

"அது லோக்கல் இஷ்யூ மேடம். ரீஜனல் இல்ல."

"அப்ப நான் லோக்கல்லயே இருந்துக்கிறேன்," என்று வைத்துவிட்டாள்.

பிப்ரவரியில் அறிக்கை வந்தது. வழவழத் தாளில் இருநூற்றுப் பதினான்கு பக்கம். கடலின் நிலை 'நன்று'. உவர்த்திட்டுக்குத் தனி அத்தியாயம், பதினொரு வண்ணப் படங்கள். ஒன்பதாம் பக்கத்தில் நன்றி தெரிவிக்கப்பட்டவர்களின் பட்டியலில் 'திருமதி அமுதவள்ளி, கள ஒருங்கிணைப்பு' என்று இருந்தது. அவளுக்குக் கல்யாணமும் ஆகவில்லை, பெயரில் அந்த ளகரமும் இல்லை.

தன் பெயரை எடுத்துவிடும்படி எழுதினாள். எழுத்துப்பிழையைத் திருத்துகிறோம் என்று பதில் வந்தது. திருத்த வேண்டாம், எடுங்கள் என்று மறுபடி எழுதினாள். காரணம் கேட்டார்கள். காரணத்தை ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பினாள். ஒரு மாதம் கழித்து அறிக்கையோடு சேர்த்து வைக்க ஒரு சின்னப் பிழைதிருத்தத் தாள் எல்லோருக்கும் அனுப்பப்பட்டது. அதில் இருந்தது ஒரே வரி: பக்கம் 9, வரி 22, 'திருமதி அமுதவள்ளி' நீக்கப்படுகிறது.

இருநூற்றுப் பதினான்கு பக்கத்தில் அவர்களுக்குத் தட்டுப்பட்ட பிழை அது ஒன்றுதான்.

இதற்குள் மரிய செல்வி குப்பத்துப் பெண்கள் நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கி, வாய்க்கால் கழிவைப் பற்றி ஒரு அரசு அலுவலகத்தில் மனுக் கொடுத்திருந்தாள். ஏப்ரலில் அதற்கும் பதில் வந்தது. அண்மையில் வெளியான பன்னாட்டு அறிக்கையின்படி மேற்படி கடற்பகுதியின் நீர்த்தரம் நன்று என்று கண்டறியப்பட்டுள்ளதால், மனு முடித்துவைக்கப்படுகிறது. மரிய செல்வி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கல்லூரிக்கே வந்துவிட்டாள். வாட்ச்மேன் உள்ளே விடாமல் கேட்டில் நிறுத்த, அமுதவல்லி வகுப்பை விட்டு இறங்கி வந்தாள்.

"டீச்சர், இது நீங்க எழுதுனதா?"

அமுதவல்லி தாளைப் படித்தாள். எழுதியவள் அவள் இல்லை. ஆனால் வடக்கே தள்ளிய புள்ளியில் போய் நின்று மீட்டரை விட்டு ஐந்து புள்ளி ஒன்பது என்று எழுதிய கை அவளுடையது. மஞ்சள் கட்டத்தைவிட அந்த எண் மோசமானது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அது உண்மையாகவே அளந்த எண். அதனாலேயே அதை யாராலும் அசைக்க முடியாது.

"பாதி நான் எழுதினதுதான்க்கா," என்றாள். எல்லாவற்றையும், புள்ளியை நகர்த்தியது வரைக்கும், கேட் ஓரத்தில் நின்றே சொன்னாள்.

"அன்னைக்கே எங்ககிட்டச் சொல்லிருக்கலாம்ல," என்றாள் மரிய செல்வி கடைசியில்.

"சொல்லிருக்கணும்."

"ம்." மரிய செல்வி தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். "சரி, இப்ப என்ன செய்யிறது?"

பழைய மூன்றாம் புள்ளியை வாராவாரம் அளப்பது என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஞானமணியின் படகில் போவது, குப்பத்துப் பெண்கள் இருவர் கூட வருவது, எண்ணை அவர்களே எழுதி அவர்களே கையெழுத்துப் போடுவது. கல்லூரி மீட்டரை வெளியே எடுத்துச் செல்ல துறைத்தலைவர் முதலில் தயங்கினார். மாணவர் களப்பயிற்சி என்று எழுதிக் கொடுத்ததும் கையெழுத்துப் போட்டார். அடுத்த மனுவோடு இருபது வாரத்து எண்களை வைப்பது திட்டம். வைத்தால் என்ன ஆகும் என்பதில் அமுதவல்லிக்குப் பெரிய நம்பிக்கை ஒன்றும் கிடையாது. இது லோக்கல் தரவு, ரீஜனல் இல்லை என்று அதற்கும் யாராவது ஒரு வரி எழுதுவார்கள். எழுதட்டும் என்று இருந்தாள். சுகிர்தாவிடமிருந்து மட்டும் ஒரு தகவல் வந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லையாம். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாளாம். தங்கள் பக்கத்திலும் ஒரு வாய்க்கால் இருக்கிறது, எந்த மீட்டர் வாங்கலாம் என்று கேட்டிருந்தாள்.

ஆறாவது ஞாயிறு காற்று இல்லை. நாற்றம் இருந்தது. மரிய செல்வியே கம்பியைத் தண்ணீருக்குள் விட்டு, எண் நிற்கும் வரை காத்திருந்து படித்தாள்.

"ரெண்டு புள்ளி மூணு."

"போன வாரம் எவ்வளவுக்கா?"

நோட்டைத் திருப்பினாள். "ரெண்டு புள்ளி ஒன்னு. அப்ப ஏறுதா டீச்சர்?"

ஞானமணி என்ஜினில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்தார். இரண்டு பேர் முகத்திலும் ஒரே கேள்வி இருந்தது. ஆமாம் என்று சொல்ல அமுதவல்லிக்கு வாய் வரைக்கும் வந்தது.

"இல்லக்கா. இத வச்சு ஏறுதுன்னு சொல்ல முடியாது. மீட்டரே அவ்வளவு முன்னப்பின்னக் காட்டும்."

"எப்பச் சொல்லலாம்?"

"இன்னும் பல வாரம் போகணும்."

மரிய செல்வி 2.3 என்று எழுதி, தேதி போட்டு, பேனாவைக் கூட வந்திருந்த பெண்ணிடம் கையெழுத்துக்கு நீட்டினாள். ஞானமணி என்ஜினைக் கிளப்பினார்.